நற்கருணை வாங்கியபின் ஒரு நிமிடம் தாருங்கள், பாதர்

அன்புள்ள பாதருக்கும் பங்குச் சபையினருக்கும்,

போன ஞாயிறு தமிழ்ப் பூசையில், பிரசங்கத்தின் நடுவே ஒரு போன் அடித்தது. அது அடங்கும்வரை நீங்கள் பேச்சை நிறுத்தி அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றீர்கள். அந்த அம்மா பாவம், பையைத் துழாவித் துழாவி வியர்த்துப் போனார். அப்புறம் கோயிலில் பக்தியாக இருப்பது பற்றி ஐந்து நிமிடம் பேசினீர்கள். சொன்னதெல்லாம் சரி. முதல் வாசகம் போகும்போது நானும் வாட்ஸ்அப்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். சத்தம் வராததால் தப்பினேன்.

ஆனாலும் ஒன்று கேட்கவேண்டும். அன்றைய பூசையில் நாங்கள் மௌனமாக இருக்க இடம் எங்கே இருந்தது? வாசகம் முடிந்த கையோடு பாட்டு. பிரசங்கம் முடிந்ததும் மூச்சு விடாமல் விசுவாசப் பிரமாணம். நற்கருணை வாங்கிவந்து முழந்தாளிட்டுக் கண்ணை மூடவில்லை, அதற்குள் மைக்கில் அறிவித்தல்: மறைக்கல்வி வகுப்பு, திருவிழா நன்கொடை, வாசலை மறித்து நிற்கும் வெள்ளைக் காரின் இலக்கம். அந்த இலக்கம் எனக்கு இன்னும் மனப்பாடம். அன்றைய நற்செய்தி என்னவென்று கேட்டால் யோசிக்கவேண்டும்.

பூசை எப்படி நடக்கவேண்டும் என்று சொல்லும் திருப்பலிப் புத்தகத்தின் பொதுப் படிப்பினை, 45ஆம் எண், உங்களுக்குத் தெரியாததல்ல. மௌனமும் வழிபாட்டின் ஒரு பகுதி என்கிறது அது. வாசகத்துக்கும் பிரசங்கத்துக்கும் பிறகு கேட்டதைச் சிந்திக்க, நற்கருணைக்குப் பிறகு உள்ளத்தில் இறைவனைப் புகழ. பூசைக்கு முன்பே கோயிலிலும், குருமார் உடை மாற்றும் அறையிலும்கூட அமைதி நல்லது என்கிறது. அறிவித்தலுக்கு இடம் 90ஆம் எண்ணில், நற்கருணைக்குப் பின்வரும் மன்றாட்டும் முடிந்த பிறகு. அதுவும் தேவைப்பட்டால், சுருக்கமாக.

நேரமில்லை என்பது விளங்குகிறது. எங்களுக்குப் பின்னால் சிங்களப் பூசை, சனம் விறாந்தையில் வந்து நிற்கிறது. கொழும்பில் எந்தப் பங்கில்தான் இந்த நெருக்கடி இல்லை? ஆனால் நன்கொடைப் பட்டியலை வாசல் பலகையில் ஒட்டினாலே மூன்று நிமிடம் மிஞ்சும்.

சனத்துக்கு மௌனமாக இருக்கத் தெரியாது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். 2019 உயிர்த்த ஞாயிறன்று கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் குண்டு வெடித்ததை நினைத்து, ஏப்ரல் 21ஆம் திகதி காலை 8.45க்கு இரண்டு நிமிடம் நிற்கிறோமே. யாரும் யாரையும் அதட்டுவதில்லை. ஒரு தடவை தெருவில், வண்டியில் பாட்டுப் போட்டுப் பாண் விற்கும் சூன் பாண்காரரின் இசை போனது, ஒரு தலைகூடத் திரும்பவில்லை.

வரும் ஞாயிறு நற்கருணை கொடுத்து முடிந்ததும் உங்கள் கதிரையில் போய் இருங்கள், பாதர். பாடகர் குழாமும் ஓகனை மூடிவிடட்டும். ஒரே ஒரு நிமிடம். பிள்ளைகள் அழுதால் அழட்டும், அவர்களை வெளியே அனுப்பவேண்டாம். யாருடைய காராவது வாசலை மறித்தால் எனக்குச் சைகை காட்டுங்கள், நானே எழும்பிப் போய் ஆளைத் தேடிச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
இடது பக்கத் தூணோரம் இருக்கும் உங்கள் பங்கு மகன்
கொழும்பு