தூக்கிப் போடச் சொன்ன கணினி

யீஷூன், சிங்கப்பூர்,
ஞாயிறு இரவு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். புதுக் கணினிக்குப் பணம் அனுப்புவதாகச் சொன்னாய், அனுப்ப வேண்டாம். நீ படித்த காலத்தில் வாங்கிய அந்த மேசைக் கணினி, விண்டோஸ், உபுண்டு என்ற இரண்டு இயங்குதளங்களிலும் இன்று காலை முதல் ஒழுங்காகத் திறக்கிறது. வன்தட்டு போய்விட்டது என்று தொலைபேசியில் நீ முடிவுகட்டியது உன் பிழையன்று. நான்தான் ஒன்றை உன்னிடம் சொல்லாமல் விட்டேன்.

வியாழக்கிழமை காலையில் கறுப்புத் திரையில் நான்கைந்து வரி ஆங்கிலம் வந்தது. நான் படிக்கவில்லை. எஃப் 1 விசையை அழுத்தச் சொன்னது கடைசி வரி, அழுத்திவிட்டேன். அதன்பின் நடந்ததை மட்டுமே உனக்குச் சொன்னேன்: எந்த இயங்குதளம் வேண்டும் என்று கேட்கும் பட்டியல் வரவில்லை, நேரே விண்டோஸ் தொடங்கிற்று, தொடக்க வட்டை அணுக முடியவில்லை என்ற நீலத்திரையோடு நின்றுவிட்டது. இவ்வளவைக் கேட்டால் எவருமே வன்தட்டைத்தான் சந்தேகிப்பார். பழுதுபார்க்கும் கடையில் விசாரித்தபோதும் அதையே சொல்லி, எல்லாவற்றையும் அழித்து விண்டோஸைப் புதிதாக ஏற்றித் தருவதாகச் சொன்னார்கள். சங்கக் கணக்குகள் எல்லாம் பழைய எழுத்துருவில் அந்த வட்டில்தான் இருக்கின்றன என்பதால் மனம் ஒப்பவில்லை.

மறுநாள் காலை அதே கறுப்புத் திரை மீண்டும் வந்தது. இம்முறை வரிவரியாகத் தாளில் எழுதிக்கொண்டேன். கணினியின் அமைப்புகளை வைத்திருக்கும் சீமாஸ் நினைவகத்தின் சரிபார்ப்புத் தொகை பொருந்தவில்லை, ஆகவே ஆலை அமைப்புகளே ஏற்றப்பட்டன என்பது அதன் பொருள். தாய்ப்பலகையில் இருக்கும் நாணயம் போன்ற பேட்டரி தீர்ந்துபோய், கணினியைத் தொடக்கிவைக்கும் பயாஸில் நீ மாற்றி வைத்திருந்தவை எல்லாம் அழிந்துவிட்டன. சுவரிலிருந்து மின்சாரம் வந்துகொண்டிருக்கும்போது அந்தப் பேட்டரிக்குப் பெரிய வேலை இல்லை. நானோ இரவுதோறும் சுவர் விசையை அணைக்கிறவன்; அப்போது அமைப்புகளையும் கடிகாரத்தையும் காப்பது அதுதான்.

உபுண்டுவையும், அந்தப் பட்டியலைக் காட்டும் கிரப்பையும் நீ இரண்டாவது வன்தட்டில் அல்லவா வைத்தாய்? எந்த வட்டை முதலில் தேடுவது என்ற தொடக்க வரிசை பழைய நிலைக்குத் திரும்பியதும் பயாஸ் முதல் வட்டுக்கே போயிற்று. பட்டியல் வராததன் காரணம் அதுவே. கணினி வட்டோடு பேசும் சாட்டா முறையும் ஏ.எச்.சி.ஐ.யிலிருந்து ஐ.டி.இ.க்கு மாறிவிட்டதால், வேறோர் இயக்கியோடு (வட்டை இயக்கும் மென்பொருளோடு) தொடங்கிப் பழகிய விண்டோஸுக்குத் தன் வட்டே தட்டுப்படவில்லை. வட்டு நலமாக இருக்கிறதா என்று அறிய, எஃப் 12 அழுத்தி இரண்டாவது வட்டைத் தேர்ந்தேன். கிரப் வந்தது, உபுண்டு தயங்காமல் திறந்தது; இரண்டு முறைகளுக்கும் வேண்டிய இயக்கிகள் அதனிடம் இருந்தன. விண்டோஸ் வட்டின் கோப்புகளும் அங்கிருந்தே தெரிந்தன. வேறெதையும் தொடுமுன் கணக்குகளைத் தம்ப் டிரைவில் படியெடுத்தேன்.

பேட்டரி சிஆர் 2032, 3 வோல்ட். நம் புளோக்குக் கீழே உள்ள கடையிலேயே கிடைத்தது. மின்கம்பியைக் கழற்றி, உலோகப் பெட்டியை ஒருமுறை தொட்டுவிட்டு, கூட்டல் குறி மேலே தெரியும்படி மாற்றினேன். அதைப் பிடித்திருக்கும் கொக்கி என் கண்ணுக்குப் படவே இல்லை. அம்மாதான் டார்ச் பிடித்துக் காட்டினாள். பிறகு தேதி, சாட்டா முறை, தொடக்க வரிசை மூன்றையும் திருத்திச் சேமித்தேன். விண்டோஸும் வந்துவிட்டது.

எனக்கு இது முன்பே தெரிந்திருக்க வேண்டும். இரண்டு மாதமாக விண்டோஸ் கடிகாரம் காலையில் பிந்தியே காட்டிற்று. ஆனால் உபுண்டு வன்பொருள் கடிகாரத்தை யூ.டி.சி. என்னும் உலகப் பொது நேரத்தில் வைக்கும், விண்டோஸ் அதையே உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொள்ளும், ஆகவே மாலையில் உபுண்டுவைப் பயன்படுத்திவிட்டுக் காலையில் விண்டோஸைத் திறந்தால் 8 மணி நேரம் பிந்தும் என்று நீ எப்போதோ விளக்கியிருந்தாய். (1982 பிறந்தபோது இங்கே கடிகாரங்களை அரை மணி நேரம் முன்னே நகர்த்தினோம்; அதற்கு முன்பாக இருந்தால் ஏழரை மணி என்று சொல்லியிருப்பாய்.) விண்டோஸை இப்போது இணையத்தோடு இணைப்பதில்லை என்பதால் அது தானாகத் திருந்தவும் வழியில்லை. விளக்கம் கையில் இருந்த தெம்பில், எத்தனை மணி பிந்துகிறது என்று நான் எண்ணிப் பார்க்கவே இல்லை. எண்ணியிருந்தால் எட்டைத் தாண்டியது அன்றே தெரிந்திருக்கும்.

இப்போது உபுண்டுவையும் உள்ளூர் நேரத்துக்கு மாற்றிவிட்டேன். அது எச்சரித்தது, கோடைக்கால நேரமாற்றம் இல்லாத சிங்கப்பூரில் அதனால் தொல்லை இல்லை. மெல்பர்னில் அக்டோபரிலும் ஏப்ரலிலும் கடிகாரம் மாறுவதால், உன் மடிக்கணினியில் இதைச் செய்யாதே. அங்கே விண்டோஸை யூ.டி.சி.க்குத் திருப்புவதே சரி.

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்ததை நீ மறுபடியும் நினைவூட்டுவாய். அதனால்தான் இணையத்துக்கு உபுண்டு, கணக்குக்கு மட்டும் விண்டோஸ் என்று வைத்திருக்கிறேன்.

மூன்று அமைப்புகளையும் தாளில் எழுதிப் பெட்டி மூடியின் உட்புறம் ஒட்டிவிட்டேன். பயாஸில் நீ வேறு எதையாவது மாற்றியிருந்தால் எழுது. அடியில் இரண்டு வரிக்கு இடம் விட்டிருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா