வாசகர் வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு பத்துக் கூட்டங்கள் நடந்தன. மழையால் ஒன்று தள்ளிப்போனது. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். நான் விரிவாகச் சொல்ல நினைப்பது, ஐந்து கூட்டங்களை எடுத்துக்கொண்ட இரண்டாம் உலகப் போர்க்கால நாட்குறிப்புகளைப் பற்றித்தான்.

நாஜிகளுக்கு அஞ்சி நெதர்லாந்தில் ஒளிந்திருந்து நாட்குறிப்பு எழுதிய யூதச் சிறுமி ஆன் ஃபிராங்கை நம்மில் பலர் பள்ளி வயதிலேயே படித்துவிட்டோம். அதே ஆண்டுகளில், ஒளிந்து வாழத் தேவையில்லாத இளம்பெண்கள் என்ன எழுதினார்கள் என்று பார்க்கத் தொடங்கினோம். பிரிட்டனில் 1937இல் தோன்றிய மாஸ் அப்சர்வேஷன் அமைப்பு, 1939 ஆகஸ்ட் முதல் பொதுமக்களை நாட்குறிப்பு எழுதி அனுப்பச் சொன்னது. ஏறக்குறைய 480 பேர் எழுதினார்கள். அவற்றில் அச்சில் வந்த சில பகுதிகளை உறுப்பினர்கள் தமிழில் சொல்லச் சொல்லக் கேட்டோம்.

முட்டைப் பங்கீடு, கிழிந்த காலுறை, அண்ணனிடமிருந்து கடிதம் வராத கவலை. கேட்கக் கேட்க அந்தப் பெண் நம் வீட்டுப் பெண்ணாகிவிடுகிறாள். அடுத்த வரியிலேயே, கள்ளச்சந்தைக்கு யூதர்கள்தான் காரணம் என்று போகிற போக்கில் எழுதிவிடுகிறாள். எல்லோரும் அப்படி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். வாசித்துக்கொண்டிருந்த அம்மா குரலைத் தாழ்த்தி, "இந்த வரியை விட்டுடலாமா?" என்று கேட்டார். விடக் கூடாது என்று அன்றே சொன்னேன். அவள் அதைத் தலையணைக்கடியில் ஒளித்து வைக்கவில்லையே! முகம் தெரியாத யாரோ படிக்கட்டும் என்று தபாலில் அல்லவா அனுப்பினாள்? வெளியே சொல்லக் கூச்சமில்லாத ஊர்ப்பேச்சாகவே அது இருந்திருக்கிறது.

அதன்பிறகு சுவரில் ஒரு நீளத் தாளை ஒட்டி, நாட்குறிப்புத் தேதிகளுக்கு எதிரே அன்றைய நடப்பை எழுதி வந்தோம். 17 டிசம்பர் 1942: ஐரோப்பாவில் யூதர்கள் கொன்றொழிக்கப்படுவதை பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் ஈடன் நாடாளுமன்றத்தில் அறிவிக்கிறார். அவை உறுப்பினர்கள் எழுந்து மௌனமாக நிற்கிறார்கள். 3 மார்ச் 1943: குண்டுவீச்சுக்குப் புகலிடமாக இருந்த லண்டன் பெத்னல் கிரீன் சுரங்க ரயில் நிலையப் படிக்கட்டில் நெரிசல், 173 பேர் சாவு. அங்கே குண்டு எதுவும் விழவில்லை. யூதர்கள் மிரண்டு முண்டியடித்ததால்தான் என்று வதந்தி கிளம்பியது. விசாரித்த நீதிபதி டன் அதைப் பொய் என்று தெளிவாகவே எழுதினார். ஆனால் அந்த அறிக்கை 1945இல்தான் வெளியானது. நம் தாளில் அந்த டிசம்பர் 17க்கும் மார்ச் 3க்கும் நடுவே ஒரு சாண் இடம்கூட இல்லை.

கடைசிக் கூட்டத்தில் மறுபடியும் ஆன் ஃபிராங்கிடம் வந்தோம். டச்சுக்காரர்களிடையே யூத வெறுப்பு தலைதூக்குவதாகக் கேள்விப்பட்டு, 22 மே 1944 அன்று மனம் நொந்து எழுதியிருக்கிறாள். நான் சிறுவயதில் படித்த புத்தகம்தான். அந்தப் பக்கம் மட்டும் நினைவில் தங்கவே இல்லை. அது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

வரும் ஆண்டில், 1933 முதல் 1945 வரை தான் எழுதியதை முதுமையில் தானே திரும்பப் படித்து 1997இல் நூலாக்கிய ஜெர்மானியப் பெண் லோரே வால்பின் நாட்குறிப்பை எடுத்துக்கொள்ள இருக்கிறோம். ஜெர்மன் தெரிந்த உறுப்பினர் ஒருவர் உதவ இசைந்திருக்கிறார். சுவர்த் தாள் நூலக அலமாரியில் பத்திரமாக இருக்கிறது.

நன்றி.
செயலாளர்