அந்த ‘அப்பா’வை வெளியேற்றிவிடாதீர்கள்

ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ்மியூசியத்தில் ஓவியங்களுக்குப் பெயரும் குறிப்பும் எழுதுகிறவர்களுக்கு,

வணக்கம். டச்சு ஓவியர் கெரார்ட் தெர் போர்க் 1654 வாக்கில் வரைந்த ஒரு படத்தைப் பற்றி உங்களிடம் ஒரு வேண்டுகோள். நாற்காலியில் உட்கார்ந்து ஒருவர் கையை உயர்த்தி ஏதோ சொல்கிறார். பக்கத்தில் ஒரு பெண்மணி ஒயின் கோப்பையும் தானுமாக இருக்கிறார். எதிரே, நமக்கு முதுகைக் காட்டியபடி, வெள்ளியாக மின்னும் சாட்டின் உடையில் ஓர் இளம்பெண்.

இந்தப் படத்துக்கு வழங்கிவந்த ‘தந்தையின் அறிவுரை’ என்பது ஓவியர் இட்ட பெயரல்ல, தெரியும். நூறு வருஷம் கழித்து, 1765இல், பாரிஸில் வில்லே என்ற செதுக்கோவியர் இதை அச்சுக்காகச் செதுக்கியபோது போட்ட பெயர் அது. அதை நம்பித்தான் ஜெர்மன் எழுத்தாளர் கதே 1809இல் வந்த தன் நாவலில் இந்தக் காட்சியை விவரித்தார்: கால்மேல் கால் போட்டு மகளுக்குப் புத்தி சொல்லும் கண்ணியமான அப்பா, சங்கடத்தை மறைக்கக் கோப்பைக்குள் பார்க்கும் அம்மா.

அப்புறம்தான் சந்தேகம் கிளம்பியது. அப்பாவுக்கு இவ்வளவு இளவயதா? சிப்பாய் உடுப்பு, இடுப்பில் வாள், மடியில் இறகு வைத்த தொப்பி. போதாததற்குப் பின்னால் திரை போட்ட கட்டில். அவர் விரல்களுக்கிடையே காசு இருந்தது, யாரோ அழித்துவிட்டார்கள் என்று ஒரு சாரார். இல்லை, பெண் கேட்க வந்தவர் என்று இன்னொரு சாரார். நீங்கள் ‘சரசப் பேச்சு’ என்கிற மாதிரி ஒரு பெயரை முன்னால் வைத்து, பழையதை ‘என்று அறியப்படுவது’ என்று பின்னால் ஒட்டியிருக்கிறீர்கள்.

சரி, அவர் அப்பா இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அடுத்த முறை திருத்த உட்காரும்போது அந்த ஒட்டுப்பெயரைக் கிள்ளி எறிந்துவிடாதீர்கள். கதே ஏமாந்தார் என்று சிரிப்பது சுலபம். அவரை ஏமாற்றியதில் தெர் போர்க்குக்கும் பங்கு உண்டே! அவள் முகத்தை அவர் காட்டவே இல்லை. தெரிவதெல்லாம் லேசாகக் குனிந்த பின்கழுத்து. திட்டு வாங்கும் பெண்ணும் அப்படித்தான் நிற்பாள். விலை பேசப்படுகிறவளும் அப்படித்தான் நிற்பாள். புதுப்பெயர் மட்டும் இருந்தால், அவள் முதுகைப் பார்ப்பதற்கு முன்பே எல்லாரும் கட்டிலைத்தான் பார்ப்பார்கள்.

பலகையில் இடம் போதாவிட்டால் எழுத்தைச் சிறிதாக்குங்கள். கண்ணாடி போட்டுக்கொண்டு படித்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
அந்தப் படத்தை முதலில் பழைய பெயரோடு பார்த்த ஒருவன்