பென்னிகுயிக் என்ற பெயர் வந்த வழி: உதவியவர்களுக்கு நன்றி மடல்

அன்புடையீர்,

வணக்கம்.

முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய கர்னல் ஜான் பென்னிகுயிக்கை (Pennycuick) அறியாதவர் கம்பம் பள்ளத்தாக்கில் இல்லை. அவருடைய குடும்பப்பெயர் எங்கே பிறந்தது, எந்தெந்த ஊர்களுக்குப் போனது என்று தொகுக்கும் வேலை இப்போது ஓர் உருவத்துக்கு வந்திருக்கிறது. பிரிட்டனில் அரிதாகவே காணப்படும் குடும்பப்பெயர்களில் இதுவும் ஒன்று. ஸ்மித், ஜோன்ஸ் போன்ற பெயர்களில் ஒரு பதிவைத் தவறாகப் படித்தாலும் மொத்தக் கணக்கு அசையாது. இங்கே அப்படியில்லை. ஓர் எழுத்து மாறினால் ஒரு கிளையே காணாமல் போகும். அப்படிப் போகாமல் காத்தவர்கள் நீங்கள். உங்களில் பலர் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால், செய்த வேலையைச் சொல்லியே நன்றி சொல்கிறோம்.

முதல் நன்றி, ஸ்காட்லாந்தின் மிட்லோத்தியன் வட்டாரத்தில் இருக்கும் பெனிகுயிக் ஊர்க்காரர்களுக்கு. எடின்பரோவுக்குத் தெற்கே சுமார் 16 கிலோமீட்டரில், பென்ட்லண்ட் குன்றுகளின் பக்கம், வடக்கு எஸ்க் ஆற்றங்கரையில் இருக்கிறது அந்த ஊர். குடும்பப்பெயரின் ஊற்று அதுதான். ஊர்ப்பெயரை (Penicuik) எழுதும்போது 'யு', 'ஐ' இரண்டும் நிற்கின்றன. ஆனால் ஊரார் வாயில் அது 'பெனிகுக்'தான். நீங்கள் அனுப்பிய ஒலிப்பதிவைக் கேட்ட பிறகுதான், பதிவேடுகளில் தனிக் குடும்பம்போலத் தெரிந்த 'பென்னிகுக்' (Pennycook) என்ற எழுத்துக்கூட்டு இதே பெயரை ஒலித்தபடி எழுதியதுதான் என்று உறுதியானது. இரண்டையும் தனித்தனியாக எண்ணியிருந்தால் வரைபடம் முழுவதும் பிசகியிருக்கும்.

தமிழ்நாட்டில் கர்னலை 'ஆங்கிலேயப் பொறியாளர்' என்றே எழுதிப் பழகிவிட்டோம். பெயரின் வேர் இங்கிலாந்தில் இல்லை; அது ஆங்கிலச் சொல்லும் அல்ல. வெல்ஷ் மொழி அறிந்த நண்பர் இதைப் பொறுமையாக விளக்கினார். தெற்கு ஸ்காட்லாந்தில் ஒரு காலத்தில் வெல்ஷ் மொழிக்கு உறவான கும்பிரிக் பேசப்பட்டது. 'பென்' என்றால் தலை, மேடு. 'கோக்' என்றால் குயில். ஆக, ஊரின் பெயர் குயில் மேடு. அங்கே சொல்லப்படும் பறவை நம் தோப்புகளில் கூவும் கருங்குயில் அல்ல. அதே குடும்பத்தைச் சேர்ந்த, வசந்தத்தில் அங்கே வந்து சேரும் இன்னொரு பறவை. தமிழில் நாம் எழுதும் 'குயிக்' என்பதில் குயில் எட்டிப் பார்ப்பது தற்செயலே. அதை வேர்ச்சொல்லுக்கு ஆதாரமாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனாலும் அந்த ஒற்றுமையைக் கண்டபோது மனம் நிறைந்தது உண்மை.

நிலத்துக்கு உரிமையாளர் நிலத்தின் பெயரைத் தன் பெயரோடு சேர்த்துக்கொள்வது இடைக்கால ஸ்காட்லாந்தின் வழக்கம். பெனிகுயிக் நிலத்தை ஆண்ட குடும்பம் அப்படித்தான் இந்தப் பெயரைப் பெற்றது. 17ஆம் நூற்றாண்டின் நடுவில் அந்தப் பண்ணை கிளார்க் குடும்பத்தின் கைக்குப் போனது. நிலம் போன பிறகு பெயர் ஊரைவிட்டுக் கிளம்பியது. இந்த ஒரு செய்தி தேடும் முறையையே மாற்றுகிறது: அதற்குப் பிந்தைய காலத்துக்கு அந்த ஊர்த் தேவாலயப் பதிவேட்டையே புரட்டிக்கொண்டிருந்தால் பெரிதாக ஒன்றும் அகப்படாது.

பழைய கையெழுத்தைப் படித்துத் தந்த எடின்பரோ நண்பர்களுக்கு நாங்கள் பட்ட கடன் பெரிது. அலெக்சாண்டர் பென்னிகுயிக் என்ற பெயரில் ஏறத்தாழ ஒரே காலத்தில் இரண்டு பேர் கவிதை எழுதினார்கள். ஒருவர் 1652 முதல் 1722 வரை வாழ்ந்த மருத்துவர். தெற்கு ஸ்காட்லாந்தின் ட்வீட்டேல் வட்டாரத்தைப் பற்றி 1715இல் எழுதியவர். மற்றவர் எடின்பரோக்காரர், 1730இல் இறந்தவர். இருவரையும் ஒருவராக்கி எழுதிய குறிப்புகள் ஏராளம். வயதையும் ஊரையும் வைத்து ஒவ்வொரு குறிப்பையும் பிரித்துத் தந்தீர்கள். ஒருவருடைய மரணத்தை மற்றவர் தலையில் எழுதிவிடும் இந்தப் பிழை அரிதான பெயர்களில்தான் அதிகம் நடக்கிறது. 'இந்தப் பெயரில் வேறு யார் இருந்திருக்கப் போகிறார்கள்' என்ற எண்ணமே அதற்குக் காரணம்.

பெயர்ச்சுட்டுகளைத் தேடித் தந்த தன்னார்வலர்கள் கண்டறிந்த முறையை எல்லோருக்கும் பயன்படும் என்பதால் இங்கே முழுமையாகச் சொல்கிறோம். சவுண்டெக்ஸ் என்ற ஒலிக்குறியீட்டு முறையில் முதல் எழுத்து அப்படியே நிற்கும், உயிரெழுத்துகள் விழுந்துவிடும், 'என்' எழுத்துக்கு 5, 'சி', 'கே', 'க்யூ' எழுத்துகளுக்கு 2, ஒட்டி வரும் ஒரே எண்ணை ஒருமுறைதான் எண்ண வேண்டும். இந்தப் பெயரின் எல்லா எழுத்துக்கூட்டுகளும், 'க்யூ' போட்டு எழுதியவையும்கூட, பி522 என்ற ஒரே பெட்டியில் வந்து விழுகின்றன. பிங்கஸ் என்ற வேறொரு பெயரும் அதே பெட்டிக்குள் வரும். அதைக் கையால் களைய வேண்டும். முதல் எழுத்தே தவறாகப் படியெடுக்கப்பட்டிருந்தால் சவுண்டெக்ஸ் உதவாது. பழைய கையெழுத்தில் பெரிய 'பி' எழுத்து 'எஃப்' போலவும் 'டி' போலவும் தெரியும். அதனால் எஃப்522, டி522 பெட்டிகளையும் திறந்து பார்ப்பது நல்லது.

தெரியாத எழுத்துகளுக்குப் பதில் குறி (*, ?) போட்டுத் தேடுவோர் 'பி'யில் தொடங்கி நடுவே 'என்', 'சி' வந்து 'கே'யில் முடிவது என்று பொதுவாகக் கொடுத்தால் பின்னக், பென்னக், பின்ச்பெக் என்ற வேறு குடும்பப்பெயர்கள் எல்லாம் திரண்டு வரும். 'பி-இ-என்' என்று தொடக்கத்தைக் கட்டி, 'சி'க்கும் கடைசி 'கே'க்கும் நடுவே சரியாக 2 எழுத்து என்று ஒரு தேடல், 3 எழுத்து என்று இன்னொரு தேடல், 'க்யூ' போடாத வடிவங்களுக்கு இவ்விரண்டும் போதும். முதல் தேடலில் ஊர்ப்பெயர் வடிவமும் 'குக்' வடிவமும் வரும். கர்னலின் எழுத்துக்கூட்டு இரண்டாவது தேடலில்தான் வரும், ஏனென்றால் அதில் 'யு', 'ஐ', 'சி' என 3 எழுத்துகள் நடுவே நிற்கின்றன. இதைக் கண்டுபிடித்துத் தந்தவருக்குத் தனி வணக்கம்.

ஸ்காட்லாந்தின் பெர்த்ஷயரில் இருந்து எழுதிய அம்மாவுக்கும் நன்றி. கர்னலின் தந்தை பிரிகேடியர் ஜான் பென்னிகுயிக்கின் குடும்பம் அந்த வட்டாரத்துச் சாயில்சரி (Soilzarie) என்ற இடத்தோடு சேர்த்துச் சொல்லப்படுகிறது. பழைய ஸ்காட்லாந்து எழுத்தில் 'யோக்' என்று ஓர் எழுத்து இருந்தது. அச்சுக்கோப்பவர்கள் அதற்குப் பதில் 'இசட்' போட்டார்கள். ஆகவே அந்த ஊர்ப்பெயரில் இருக்கும் 'இசட்' எழுத்தை 'ய' என்றே ஒலிக்க வேண்டும் என்று நீங்கள்தான் சொன்னீர்கள். அந்த ஒரு வரியால் ஒரு முடிச்சு அவிழ்ந்தது. கர்னல் 1911 மார்ச் 9 அன்று இங்கிலாந்தின் சர்ரே பகுதியில், கேம்பர்லியில் இருந்த தம் வீட்டில் காலமானார். அந்த வீட்டின் பெயர் சிலௌரி. எழுத்தில் பார்த்தால் இரண்டு பெயருக்கும் தொடர்பு தெரியாது. வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால் ஒன்றின் சாயல் மற்றொன்றில் கேட்கும்.

ஸ்காட்லாந்துப் பதிவுகளையும் இங்கிலாந்துப் பதிவுகளையும் ஒன்றாகக் கருதி நாங்கள் குழம்பியபோது திருத்தியவர்களுக்கும் நன்றி. அரசுப் பதிவு இங்கிலாந்தில் 1837 ஜூலை 1 அன்றும், ஸ்காட்லாந்தில் 1855 ஜனவரி 1 அன்றும் தொடங்கியது. ஸ்காட்லாந்து மரணப் பதிவில் இறந்தவரின் தாய் தந்தை பெயர்கள் இருக்கும், தாயின் பிறந்தவீட்டுப் பெயர் உட்பட. அதே காலத்து இங்கிலாந்து மரணப் பதிவில் அதை எதிர்பார்க்க முடியாது. ஸ்காட்லாந்துப் பெண்கள் மணமான பிறகும் பிறந்தவீட்டுப் பெயரிலேயே பதிவாவது உண்டு. கணவர் பெயரில் மட்டும் தேடினால் மகள்கள் எல்லோரும் நழுவிவிடுவார்கள். 1841 மக்கள்தொகைக் கணக்கில் 15 வயதுக்கு மேற்பட்டோரின் வயதை 5இன் மடங்காகக் கீழே இறக்கி எழுதினார்கள். 34 வயதுக்காரர் அதில் 30 என்றே இருப்பார். இந்தக் கணக்குத் தெரியாமல் இரண்டு ஆட்கள் என்று முடிவுகட்டிய இடங்களை ஒவ்வொன்றாகச் சுட்டிக்காட்டினீர்கள்.

இந்தியப் பதிவுகளில் உதவியவர்களை எவ்வளவு சொன்னாலும் தகும். இங்கிருந்த ஐரோப்பியரின் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் பற்றிய படிகள் லண்டனுக்கு அனுப்பப்பட்டன. இப்போது பிரிட்டிஷ் நூலகத்தின் இந்திய அலுவலக ஆவணங்களில் இருக்கின்றன. என்/1 வரிசை வங்காளம், என்/2 மதராஸ், என்/3 பம்பாய். கர்னல் 1841 ஜனவரி 15 அன்று புனேயில் பிறந்தார். அது பம்பாய் மாகாணம். அவருடைய தந்தை 1849 ஜனவரி 13 அன்று, இப்போது பாகிஸ்தானின் பஞ்சாபில் இருக்கும் சிலியன்வாலா போர்க்களத்தில் விழுந்தார். பஞ்சாப் விவரங்களை வங்காள வரிசையில் தேட வேண்டும். அதே நாளில் 24ஆம் காலாட்படையில் இருந்த மகன் அலெக்சாண்டரும் இறந்தான், வயது 17. நம் கர்னலுக்கு எட்டு வயது நிறைய இரண்டு நாள் இருந்தது. அவர் வேலை பார்த்ததோ மதராஸ் மாகாணத்தில். ஒரே குடும்பத்துக்கு மூன்று வரிசைகள். மதராஸ் வரிசையை மட்டும் பார்த்துவிட்டு 'பதிவு இல்லை' என்று எழுதுவோர் பலர்.

இலங்கை நண்பர்கள் இன்னொரு திருத்தம் தந்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்கே அரசின் உயர் பொறுப்புகளில் சார்ல்ஸ் எட்வர்ட் டுகாட் பென்னிகுயிக் இருந்தார். இலங்கை குடியேற்றநாட்டு அமைச்சகத்தின் கீழ் இருந்ததால் அந்தப் பதிவுகளை இந்திய அலுவலகத்தில் தேடிப் பயனில்லை. பிரிஸ்பேன் செய்தித்தாள்களில் 1899ஆம் ஆண்டில் இந்தப் பெயர் திரும்பத் திரும்ப வருவதன் காரணத்தை ஆஸ்திரேலிய நண்பர் விளக்கினார்: பிரிஸ்பேன் ஆற்று வெள்ளத் தடுப்புக்கு யோசனை சொல்லக் கர்னல் அங்கே போயிருந்தார். அது குடியிருப்பு அல்ல, பயணம். வரைபடத்தில் நாங்கள் வைத்திருந்த புள்ளியை எடுத்துவிட்டோம்.

வரைபடம் போட்ட இளைஞர்களுக்கு ஒரு சொல். பத்து லட்சம் பேருக்கு எத்தனை பேர் என்று கணக்கிட்டு நிறம் தீட்டுவதுதான் வழக்கம். 1881இல் ஸ்காட்லாந்தின் பீபிள்ஸ்ஷயர் மாவட்டத்தின் மக்கள்தொகை சுமார் 14 ஆயிரம். லானார்க்ஷயர் சுமார் 9 லட்சம். 7 பேர் உள்ள ஒரே ஒரு வீடு முதலாவதில் இருந்தால் பத்து லட்சத்துக்கு 500 என்று வரும். இரண்டாவதில் இருந்தால் 8தான். ஒரு வீட்டுக்காரர் வண்டி கட்டிக்கொண்டு எல்லை தாண்டினாலே வரைபடத்தின் முகம் மாறிவிடும். அதனால் நிறத்தோடு ஆட்களின் எண்ணிக்கையையும் அச்சிட வேண்டும், வசிக்கும் ஊரை விட்டுப் பிறந்த ஊரை வைத்து இன்னொரு வரைபடம் போட வேண்டும் என்று பிடிவாதமாக நின்றீர்கள். நீங்கள் சொன்னதே சரி.

கேம்பர்லிக்குப் பக்கத்தில், ஃப்ரிம்லியில் புனித பீட்டர் தேவாலயத்தில் இருக்கும் கர்னலின் கல்லறையைப் படம் எடுத்து அனுப்பியவர்கள், வெயில் சாய்வாக விழும் நேரத்துக்குக் காத்திருந்து எடுத்தீர்கள். தேய்ந்த எழுத்தின் விளிம்பில் நிழல் விழுந்தால்தான் எழுத்து தெரியும். சுண்ணாம்போ மாவோ தேய்க்கவில்லை. அது கல்லைக் கெடுக்கும். அந்தப் பொறுமைக்கு நன்றி.

கடைசியாக, தேனி மாவட்டத்து ஆசிரியர்களுக்கும் பெற்றோர்களுக்கும். குடும்பப்பெயர்ப் பரவலைக் காட்டும் கணினித் தொகுப்புகள், பெயரின் கடைசிச் சொல்லைக் குடும்பப்பெயர் என்று எடுத்துக்கொள்கின்றன. நம் ஊரில் தந்தை பெயர் தலைப்பெழுத்தாக முன்னே நிற்கும்; பிள்ளையின் பெயர் கடைசியில் வரும். நன்றிக்கடனாகப் பிள்ளைக்குப் பென்னிகுயிக் என்று பெயர் வைத்தால் அந்தக் கணக்கில் அவன் ஸ்காட்லாந்துக் குடும்பத்தவன் ஆகிவிடுவான். அவன் வளர்ந்து, கடவுச்சீட்டில் அவன் பெயரே அவன் பிள்ளைகளின் கடைசிப்பெயராக ஏறும்போது குழப்பம் இரட்டிப்பாகும். இந்த இரண்டையும் பிரித்துக் காட்டியது நீங்கள். இப்போது எங்கள் அட்டவணையில் தமிழ்நாட்டுக்குத் தனிப் பகுதி இருக்கிறது. தலைப்பு: 'இடுபெயராக'. உலகில் வேறு எந்த வட்டாரத்துக்கும் அப்படி ஒரு பகுதி போட வேண்டிய தேவை எங்களுக்கு வரவில்லை. பென்னிகுயிக், பென்னிகுவிக், பென்னி குக் என்று தமிழில் வழங்கும் வடிவங்களையும் வந்தபடியே சேர்த்திருக்கிறோம். ஸ்காட்லாந்தில் பல நூற்றாண்டுகளாக நடந்தது இங்கேயும் நடக்கிறது, அவ்வளவுதான்.

இனி அனுப்புவோர் பதிவில் கண்ட எழுத்துக்கூட்டைத் திருத்தாமல் ஒரு பத்தியிலும், பொது வடிவத்தைப் பக்கத்துப் பத்தியிலும் எழுதுங்கள். ஆவண வரிசை எண், பக்கம், பார்த்தது மூலமா படியா என்ற மூன்றும் கட்டாயம் வேண்டும். உயிரோடு இருப்பவர்களின் விவரம் எதுவும் வேண்டாம்.

நன்றியுடன்,
தொகுப்புப் பணியில் இருக்கும் நாங்கள்