முதுநிலை உளவியல் ஆய்வேடு: ஜனவரியில் தொடங்கினால் தாமதம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எம்.எஸ்சி. உளவியல் மாணவர்கள் கடைசிப் பருவத்தில் தனியாக ஓர் ஆய்வேடு முடித்துத் தர வேண்டும். பல கல்லூரிகளில் ஜனவரியில்தான் தலைப்பு முடிவாகிறது, ஏப்ரலில் ஏட்டைக் கேட்கிறோம். இந்த அவசரத்தில் அடிபடுவது அளவுகோல், அதாவது மனநிலையை மதிப்பெண்ணாக அளக்கும் கேள்விப் பட்டியல். அதில் விழுந்த பிழையை எந்தப் புள்ளியியலாலும் பிறகு சரிசெய்ய முடியாது.

பள்ளி மாணவர்களைப் பற்றிய ஆய்வை எடுத்துக்கொள்வோம். டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு, ஜனவரியில் பொங்கல் விடுமுறை, அதன்பின் செய்முறைத் தேர்வு, மார்ச்சில் பொதுத்தேர்வு. இதற்கு நடுவில் எந்தத் தலைமையாசிரியர் ஒரு பாடவேளையை விட்டுக்கொடுப்பார்? அக்டோபர், நவம்பரை விட்டால் வேறு நேரம் இல்லை. அரசுப் பள்ளி என்றால் முதன்மைக் கல்வி அலுவலரின் அனுமதி வேண்டும். 18 வயது நிரம்பாதவர் என்றால் பெற்றோரின் எழுத்துபூர்வ ஒப்புதலோடு பிள்ளையின் சம்மதமும் வேண்டும். நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வருமுன் ஒரு படிவம்கூட வெளியே போகக் கூடாது. ஜனவரியில் தொடங்குபவருக்கு இவை எதற்கும் நாள் இருக்காது. அதனால்தான் கூகுள் படிவம் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. நண்பர்களும் நண்பர்களின் நண்பர்களும் நிரப்பியதை வைத்து ‘தமிழக இளைஞர்கள்’ என்று முடிவு எழுதப்படுகிறது.

ஆங்கில அளவுகோலின் மொழிபெயர்ப்புக்கு மட்டும் மூன்று வாரம் ஒதுக்க வேண்டும். ஏற்கெனவே சோதித்த தமிழ் வடிவம் இருக்கிறதா என்று முதலில் தேட வேண்டும். இல்லையென்றால் இருவர் தனித்தனியே தமிழாக்கி, இரண்டையும் ஒப்பிட்டு ஒன்றாக்க வேண்டும். மூலத்தைப் பார்க்காத மூன்றாமவர் அதைத் திரும்ப ஆங்கிலத்தில் எழுத வேண்டும். பிறகு பத்துப் பேரிடம் வாசிக்கக் கொடுத்து, ஒவ்வொரு கேள்வியும் அவர்களுக்கு என்னவாகப் புரிந்தது என்று கேட்க வேண்டும். மனச்சோர்வை அளக்கும் பிஎச்கியூ-9 அளவுகோலின் 2-ஆம் கேள்வி மனம் துவண்டு நம்பிக்கை இழப்பதைப் பற்றியது, 4-ஆம் கேள்வி உடல் களைப்பைப் பற்றியது. இரண்டிலும் ‘சோர்வு’ என்றே எழுதிவிட்டால் ஒரே கேள்வியை இரண்டு முறை கேட்டதாகிவிடும்.

அதே அளவுகோலின் 9-ஆம் கேள்வி, செத்துப்போனால் தேவலை, தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளலாம் என்ற எண்ணங்களைப் பற்றியது. பெயர் கேட்காத படிவத்தில் ஒருவர் அதற்கு ‘கிட்டத்தட்ட தினமும்’ என்று குறித்தால், அவரைத் தேடிப் போக நமக்கு வழியே இல்லை. நேரில் தரவு திரட்டி, அன்றன்றைக்கே அந்தப் பதிலைப் பார்த்து, கல்லூரி ஆலோசகரிடம் சேர்க்க முடிந்தால் மட்டுமே இந்தக் கேள்வியைக் கேட்கலாம். எல்லாப் படிவங்களின் முடிவிலும் அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸின் எண் 14416 இருக்க வேண்டும். இந்த விஷயத்தில் சலுகை காட்டுவது பெரும் தவறு.

எண்ணிக்கையையும் முன்பே கணக்கிட வேண்டும். இரு குழுக்களுக்கிடையே நடுத்தர அளவு வேறுபாட்டை 80 விழுக்காடு திறனோடு (வேறுபாடு உண்மையில் இருந்தால் அது பிடிபடும் வாய்ப்பு) கண்டறியக் குழுவுக்கு 64 பேர் தேவை. பாதியில் விட்டவற்றையும் எல்லாவற்றுக்கும் ஒரே கட்டத்தைக் குறித்தவற்றையும் கழிக்க வேண்டியிருக்கும் என்பதால், குழுவுக்கு 75 பேரைத் திரட்டுவது நல்லது. இதைக் கணக்கிடும் ஜிபவர், பகுப்பாய்வுக்கான ஜமோவி ஆகிய இரண்டு மென்பொருள்களும் இலவசம். காசு கொடுத்து வாங்க வேண்டிய எஸ்பிஎஸ்எஸ் மென்பொருளின் உடைத்த பிரதியை யாரும் தேடி அலைய வேண்டியதில்லை.

தரவு வந்தபின் நேரும் பிழைகளில் அடிக்கடி காண்பது ஒன்று. பிஎஸ்எஸ்-10 மன அழுத்த அளவுகோலில் 4, 5, 7, 8-ஆம் கேள்விகள் நேர்மறையானவை. அவற்றின் மதிப்பெண்ணை 4-இலிருந்து கழித்துத் திருப்பிய பிறகே மொத்தம் கூட்ட வேண்டும். திருப்ப மறந்தால் அழுத்தம் மிகுந்தவரும் குறைந்தவரும் நடுவில் வந்து நிற்பார்கள், கேள்விகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் குரோன்பாக் ஆல்ஃபா 0.70-க்குக் கீழே சரியும். உடனே ‘மாணவர்கள் அக்கறையின்றிப் பதிலளித்தனர்’ என்று எழுதிவிடுகிறார்கள். பாவம், அவர்கள் ஒழுங்காகத்தான் பதில் சொல்லியிருப்பார்கள்.

தலைப்பிலும் கவனம் வேண்டும். ஒரே ஒருமுறை எடுத்த கணக்கெடுப்பை வைத்துக் உறக்கத்தின் மீது கைப்பேசியின் ‘தாக்கம்’ என்று பேச முடியாது, ‘தொடர்பு’ என்றுதான் சொல்லலாம். உறக்கம் வராதவர்தான் கைப்பேசியை எடுத்தாரோ என்னவோ.

பல்கலைக்கழகங்களுக்கு எங்கள் வேண்டுகோள்: இரண்டாம் பருவம் முடியும்போதே வழிகாட்டியை ஒதுக்குங்கள். நெறிமுறைக் குழு கூடும் தேதிகளை ஜூலையிலேயே அறிவியுங்கள். இதுவரை மாணவர்கள் தமிழாக்கிய அளவுகோல்களை, உரியவர்களின் அனுமதியோடும் மதிப்பெண் விளக்கத்தோடும், துறை நூலகத்தில் ஒரே கோப்பாகத் தொகுத்து வையுங்கள்.

இப்படிக்கு,
முதுநிலை உளவியல் ஆய்வு வழிகாட்டிகள்,
மதுரை.