பிளஸ் ஒன் பாடத்தை பிளஸ் ஒன்னிலேயே நடத்துங்கள்: தலைமை ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அரசு மேல்நிலைப் பள்ளித் தலைமை ஆசிரியர்களுக்கு,

வணக்கம். பல வருடங்கள் விலங்கியல் நடத்திவிட்டு ஓய்வுபெற்ற முதுகலை ஆசிரியை நான். பள்ளி திறந்து, நீங்கள் டைம்டேபிள் போட உட்காரும் நேரம் இது. அதனால்தான் இப்போதே எழுதுகிறேன்.

நீட் வேண்டுமா வேண்டாமா என்ற வழக்குக்குள் நான் போகவில்லை. அதில் எனக்கும் உறுதியான கருத்து உண்டு. ஆனால் அந்தத் தேர்வு இருக்கிறவரை நம் பிள்ளைகள் போய் எழுதத்தான் வேண்டும். அரசுப் பள்ளி மாணவர்களுக்காக 2020-ல் வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் மருத்துவ சீட் கிடைத்தால் படிப்புச் செலவை அரசே ஏற்கிறது. கூலிக்குப் போகிற வீட்டிலிருந்து ஒரு டாக்டர் வருவதற்கான வழி அது.

நான் பணியில் இருந்த கடைசி வருடங்களில் ஒன்று. நீட் எழுதிய மறுநாள் என் மாணவி ஒருத்தி வினாத்தாளோடு வீட்டுக்கு வந்தாள். உயிரியல் பக்கங்களைச் சந்தோஷமாகத்தான் காட்டினாள். இயற்பியல் வந்ததும் பேச்சு நின்றுவிட்டது. நிறையக் கேள்விகளைப் பென்சிலால் வட்டமிட்டிருந்தாள். விசை, சுழற்சி இயக்கம், ஈர்ப்பு, வெப்ப இயக்கவியல். "இதெல்லாம் புக் பேக் மட்டும்தான் படிச்சோம் டீச்சர், கணக்கு எதுவும் போட்டுப் பார்க்கலை" என்றாள். அவ்வளவும் பிளஸ் ஒன் பாடம். நானும் அதே பள்ளியில்தான் இருந்தேன். என் பாடம் முடிந்ததா என்று பார்த்தேனே தவிர, பக்கத்து வகுப்பில் என்ன நடக்கிறது என்று கேட்கவில்லை. அந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

நீட் பாடத்திட்டத்தில் பாதி பிளஸ் ஒன் பாடம்தான். விலங்குலகம், தாவர உலகம், செல், மனித உடலியல் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. 2018-ல் பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு வந்தபோது எனக்குப் பெரிய நிம்மதி. அதற்கு முன் பிளஸ் ஒன் புத்தகத்தை ஓரம் கட்டிவிட்டு, பிளஸ் டூ பாடத்தையே இரண்டு வருடம் நடத்தும் பழக்கம் பல பள்ளிகளில் இருந்தது நமக்கெல்லாம் தெரியும். 2025-26 முதல் அந்தப் பொதுத்தேர்வு இல்லை. பிள்ளைகளின் பாரம் குறைந்தது நல்லதுதான். ஆனால் பழைய பழக்கம் திரும்ப வந்துவிடுமோ என்ற பயம்தான் இந்த மடலை எழுத வைத்தது. ரிசல்ட் கேட்டு மேலிருந்து நெருக்கடி வரும்போது, ஜனவரியிலேயே பிளஸ் டூ பாடத்தைத் தொடங்கச் சொல்லி உங்களுக்கும் ஆசை வரும். தயவுசெய்து தொடங்காதீர்கள்.

இன்னொன்று, யாரும் பேசாத விஷயம். பியூர் சயின்ஸ் குரூப் எடுக்கிற பிள்ளைக்குப் பத்தாம் வகுப்போடு கணிதம் முடிந்துவிடுகிறது. டாக்டர் ஆக வேண்டும் என்றுதான் அந்தக் குரூப்பை எடுக்கிறார்கள். ஆனால் பிளஸ் ஒன் இயற்பியல் தொடக்கத்திலேயே வெக்டரும் வகைக்கெழுவும் வந்து நிற்கின்றன. வேதியியலில் பிஎச் கணக்குக்கு மடக்கை தெரிய வேண்டும். தேர்வறையில் கால்குலேட்டரும் கிடையாது. அந்தப் பிள்ளைக்கு இயற்பியல் வராமல் இல்லை, கணக்கின் பாஷைதான் தெரியவில்லை. உங்கள் பள்ளிக் கணித ஆசிரியரிடம் பிளஸ் ஒன் தொடக்கத்தில் இருபது பீரியட் கேட்டு வாங்குங்கள். வெக்டர், மடக்கை, முக்கோணவியல் விகிதங்கள், வரைபடம், எளிய வகையிடல், பத்தின் அடுக்குகளைக் கையால் பெருக்கி வகுப்பது. இவ்வளவு போதும். மார்ச்சில் பொதுத்தேர்வு முடிந்த பிறகு நடத்துகிற கோச்சிங்கில் இதைச் சொல்லிக்கொடுக்க நேரமே இருக்காது. ஐந்தாறு வாரத்தில் பழையதைத் திருப்பிப் பார்க்கலாம், புதிதாகப் படிக்க முடியாது.

அப்புறம் தேர்வு எழுதும் பழக்கம். 2025-ல் 180 நிமிடத்துக்கு 180 கேள்வி: உயிரியலில் 90, இயற்பியலிலும் வேதியியலிலும் 45 வீதம். சரியான விடைக்கு 4, தவறுக்கு 1 குறையும். ஓஎம்ஆர் தாளில் வட்டத்தை நிரப்பும் நேரமும் அதற்குள்தான். உயிரியலை ஐம்பது நிமிடத்துக்குள் முடிக்கிற பிள்ளைக்குத்தான் இயற்பியல் கணக்குக்கு மூச்சுவிட நேரம் கிடைக்கும். எதையும் காலியாக விடாதே என்று பொதுத்தேர்வுக்கு நாம் சொல்லிச் சொல்லி வளர்த்திருக்கிறோம். இங்கே அது ஆபத்து. 100 சரி, 80 தவறு என்றால் 320 மதிப்பெண். அந்த எண்பதைத் தொடாமல் விட்டிருந்தால் 400. இந்தக் கணக்கை முதல் மாடல் டெஸ்ட்டிலேயே கரும்பலகையில் போட்டுக் காட்டுங்கள். டெஸ்ட் முடிந்ததும் தவறிய கேள்விகளைத் தனி நோட்டில் எழுத வையுங்கள். கடைசி மாதம் அந்த நோட்டைவிட உதவுகிற கைடு எதுவும் இல்லை.

தமிழ்வழிப் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. 2018 நீட்டின் தமிழ் வினாத்தாளில் 49 கேள்விகளில் பிழை என்று நீதிமன்றம் வரை போனது. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 196 கருணை மதிப்பெண் தரச் சொன்னது, உச்ச நீதிமன்றத்தில் அந்த உத்தரவு நிற்கவில்லை. மொழிபெயர்ப்பில் சந்தேகம் வந்தால் ஆங்கில வடிவம்தான் இறுதி. ஆகவே பாடம் நடத்தும்போதே உந்தம் என்றால் மொமென்டம், முடுக்கம் என்றால் ஆக்சிலரேஷன் என்று இரண்டையும் சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.

இந்த வாரம் டைம்டேபிளை ஒட்டும் முன், பிளஸ் ஒன் பியூர் சயின்ஸ் வகுப்புக்கு அந்த இருபது கணிதப் பீரியடை எங்கே வைக்கலாம் என்று ஒருமுறை பாருங்கள். கணித ஆசிரியர் பணியிடம் காலியாக இருந்தால், பக்கத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர் யாராவது இருப்பார். கூப்பிட்டால் வருவோம்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியை