சீனாவில் சட்டமே இல்லையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த கட்டுரை, பழைய சீனாவில் தண்டனை இருந்தது, சட்டம் இல்லை என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. ஜெர்மானிய சமூகவியலாளர் மாக்ஸ் வேபர் நூறாண்டுக்கு முன் சொன்னதும் கிட்டத்தட்ட இதுதான். அவருக்குச் சீன மொழி தெரியாது. மொழிபெயர்ப்புகளை வைத்து எழுதினார். அதன் பின் நடந்த ஆய்வுகளைக் கட்டுரையாளர் தொடவே இல்லை.

கி.பி. 653இல் சீனாவின் தாங் அரச வம்சம் கொண்டுவந்த சட்டத் தொகுப்பில் 502 பிரிவுகள். சட்டப் பிரிவைச் சுட்டாமல் தண்டனை சொன்ன அதிகாரிக்கே 30 தடியடி என்று அதில் இருக்கிறது. (நம் ஊரில் இப்படி ஒரு பிரிவு வந்தால்... சரி, வேண்டாம்.)

நிலம், கடன், திருமண வழக்குகளில்தான் அறிஞர்களுக்குள் உண்மையான தகராறு. சீனாவின் கடைசி அரச வம்சமான சிங் ஆட்சிக்கால மாவட்ட அதிகாரி பெற்றவர் மாதிரி இரு தரப்பையும் சமாதானம் செய்துவைத்தார், சட்டம் பின்னால்தான் நின்றது என்றார் ஜப்பானிய அறிஞர் ஷிகா ஷூஸோ. வரலாற்றாசிரியர் ஃபிலிப் ஹுவாங் இதை மறுத்தார். சிச்சுவான் மாகாணத்தின் பா மாவட்டம், பெய்ஜிங் பக்கத்து பாவோதி, தைவானின் தான்-ஷின் ஆகிய பகுதிகளின் ஆவணங்களிலிருந்து 628 வழக்குகளை எடுத்துப் படித்து, 1996இல் நூலாக்கினார். சமாதானமெல்லாம் ஊர்ப் பெரியவர்களிடம் நடந்தது என்றார். விசாரணை முடிந்து தீர்ப்பு வரை போனவற்றில் பெரும்பாலும் ஒரு தரப்பு தெளிவாக ஜெயித்தது, அதுவும் சட்டப்படி என்கிறார். நான் ஹுவாங் பக்கம்தான். ஆனால் ஒரு வக்கீலாக எனக்கு ஒரு உறுத்தல்: இத்தகைய சிறு வழக்குகளின் தீர்ப்புகளில் சட்டப் பிரிவைக் குறிப்பிடுவது அபூர்வம். தீர்ப்பு சட்டத்தோடு ஒத்துப்போவது வேறு, சட்டத்தைப் பார்த்துத் தீர்ப்பு சொல்வது வேறு.

‘சட்டம் இல்லாத நாடு’ என்ற பேச்சால் லாபம் அடைந்தவர்கள் யார் என்பதையும் கட்டுரை கேட்டிருக்கலாம். 1784இல் சீனத் துறைமுகமான காண்டன் (இன்றைய குவாங்ஜோ) அருகே ‘லேடி ஹியூஸ்’ என்ற பிரிட்டிஷ் கப்பல் மரியாதைக்குச் சுட்ட பீரங்கியால் இரண்டு சீனர்கள் இறந்தார்கள். சுட்டவருக்கு மரண தண்டனை. சீனாவில் நியாயமான சட்டம் இல்லை என்பதற்கு இதையே பிரிட்டிஷ் வணிகர்கள் பல்லாண்டு சொல்லிக் காட்டினார்கள். பிரிட்டனுடன் நடந்த அபினிப் போரில் தோற்ற சீனா, 1843இல் பிரிட்டனோடும் 1844இல் அமெரிக்காவோடும் செய்த ஒப்பந்தங்களின்படி, அந்த நாட்டவர் சீன மண்ணில் குற்றம் செய்தாலும் சீன நீதிமன்றம் தொட முடியாது. அந்தச் சலுகையை இரு நாடுகளும் கைவிட்டது 1943இல்தான். சட்ட அறிஞர் டீமு ருஸ்கோலா 2013இல் வந்த தன் நூலில், ‘சட்டம் இல்லாத நாடு’ என்ற பேச்சுக்கும் இந்தச் சலுகைக்கும் உள்ள தொடர்பை விரிவாக எழுதியிருக்கிறார்.

பா மாவட்ட ஆவணங்களை வைத்தே ஒரு கட்டுரை வெளியிடுங்களேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வழக்கறிஞர்,
திருச்சி